வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு பாவச் சீட்டு

டமாரம் ஏழு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். நேற்றைய சட்டையை உதறிப் பார்த்து, இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று போட்டுக்கொண்டான். எட்டு மணிக்கு அலுவலகப் பூட்டைத் திறந்தான். தரையைப் பெருக்கினான். ஒரு நாற்காலியைத் துடைத்தான். இன்னொரு நாற்காலிக்குக் கால் சரியில்லை, அதைத் துடைப்பதில்லை. எட்டரைக்கு சார் வந்தார். தேநீர் குடித்தார். பத்திரிகையை மடித்து வைத்தார். ஒன்பது வரை யாரும் வரவில்லை.

டமாரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஒரு காதில் விழுந்ததை நாலு தெருவுக்குக் கொண்டு சேர்த்து அவனே சம்பாதித்தது. துப்பறியும் அலுவலகத்தில் இப்படி ஓர் உதவியாளனை வைத்திருப்பது தீயணைப்பு நிலையத்தில் தீப்பெட்டி விற்பது மாதிரி என்று சார் சொல்வார். ஆனாலும் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறார்.

சார் அதற்கு முன்னால் முப்பது வருடம் கல்லூரித் தேர்வுகளில் பறக்கும் படையில் இருந்தவர். யாருடைய சட்டை மடிப்பில் பிட் இருக்கிறது, யாருடைய செருப்புக்கடியில் இருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாளே கை நமநமவென்றது. துப்பறிய வந்துவிட்டார்.

ஒன்பதேகாலுக்கு ஒரு தையல்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

"நாளைக்கு, சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு எனக்குக் கல்யாணம்" என்றார்.

"வாழ்த்துகள்" என்றான் டமாரம்.

"அதை நடத்தணுமா, நிறுத்தணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

"வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கறேன்."

சார் முறைத்தார். டமாரம் நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பாம்பை வைப்பது போல, விரல் நுனியால்.

"நான் கட்டிக்கப் போற பொண்ணு மருந்துக்கடையில வேலை பார்க்குது. திங்கக்கிழமை அவ வெள்ளைக் கோட்டுல ஒரு பட்டன் அறுந்துபோச்சு. தைச்சுக் குடுங்கன்னு விட்டுட்டுப் போனா. பையில இது இருந்துச்சு."

சார் தாளைப் பிரித்தார். கறுப்பு மையில் கொட்டை எழுத்து.

*சாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருடம் ஆகிறது. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று தினமும் நினைத்தேன். அதற்காகப் பொய் சொன்னேன், மூன்று தடவை. தைத்து முடித்த கல்யாண கவுனை யாருக்கும் தெரியாமல் பிரித்துப் போட்டேன், ஒரு தடவை. வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே கரித்துக்கொண்டிருந்தேன்*

அதோடு நின்றிருந்தது. கடைசி வரியில் மை கொட்டியிருந்தது. தாளின் குறுக்கே ஒரு கோடு.

"அவங்க எழுத்துதானா?" என்றார் சார்.

"மாத்திரைக் கவர்மேல காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதித் தருவாளே, அதே எழுத்து. தெருவுல குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"கவுன் நிஜமாவே பிரிஞ்சுதா?"

"போன மாசம். காலையில வந்து பார்த்தா இடுப்புத் தையல் சுத்தி வர வாயைப் பிளந்துட்டுக் கிடக்கு. நூல் மட்டம்னு நூல் கடைக்காரர் சட்டையைப் பிடிச்சேன். பாவம், அவர் கல்யாணப் பத்திரிகைகூட வாங்கிக்க மாட்டேன்னுட்டார். அப்புறம் மறுபடி தைச்சேன்."

"உங்க கடைக்குள்ள அந்தப் பொண்ணு வந்து போறது உண்டா?"

"கடைக்கு மேலதான் வீடு. நானும் அம்மாவும் மட்டும்தான். மூணு வாரம் முந்தி அம்மா படியில வழுக்கி விழுந்து கையை முறிச்சுக்கிட்டாங்க. அதுலேர்ந்து இவதான் காலையும் சாயங்காலமும் வந்து தலை வாரி விடறா. அதுக்கு முந்தியும் வருவா, போவா." தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். "மாசாமாசம் மாதா கோவில்ல சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றவ சார். இதுல ஒரு வருஷம்னு இருக்கு. அப்போ மாசாமாசம் மண்டி போட்டதெல்லாம் வேஷமா?"

"நேரா கேட்டிருக்கலாமே" என்றான் டமாரம்.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

தையல்காரர் நாடாவை மறுபடி சுருட்டினார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனம் செய்யணும். கல்யாணத்துக்கு முந்தின நாள் செஞ்சாகணும். அம்மாவும் வராங்க. ஆறு மணிக்குச் சாமியார் எழுந்து போயிடுவார். அதுக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலன்னா, கல்யாணம் வேண்டாம்னு நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்."

அவர் போன பிறகு சார் தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடி மேசையில் இருந்தது.

"கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது. டமாரம், பிட் எழுதறவன் எப்படி எழுதுவான்?"

"எறும்புக்கு லெட்டர் போடற மாதிரி."

"முழு வாக்கியம் எழுதுவானா?"

"எதுக்கு? ரெண்டு வார்த்தை போதும். மிச்சம் அவனுக்கே தெரியுமே."

"இதைப் பாரு. சாமின்னு கூப்பிட்டு ஆரம்பிக்குது. ஒவ்வொண்ணும் முழு வாக்கியம். எழுத்து கடைப் பலகை சைஸ். தன் ஞாபகத்துக்கு எழுதறவ தனக்கே இவ்வளவு மரியாதை குடுத்துக்குவாளா? இது பிட் இல்லடா. விடைத்தாள். திருத்தறவர் படிக்கறதுக்காக எழுதினது."

"பாவசங்கீர்த்தனம் வாயால சொல்றது சார். எழுதி நீட்ட அது என்ன லீவு லெட்டரா?"

"நீ கடைசியா எப்போ செஞ்சே?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

"நல்லது. நாலு மணிக்குப் போறே. வரிசையில ஒரு ஆள் வேணும்."



மத்தியானம் தையல் கடைக்குப் போனார்கள். தையல்காரர் யாருக்கோ கால்சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தார். கவுன் கண்ணாடி அலமாரியில் தொங்கியது. சார் இடுப்புத் தையலை மெல்லத் திருப்பினார். புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக, பொடிப்பொடியாகத் தெரிந்தன. துணியில் ஒரு கீறல் இல்லை, ஒரு இழை இழுபடவில்லை.

அலமாரிக்குப் பக்கத்தில் தையல்காரரின் அம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இடது கையால் ஒரு சட்டையிலிருந்து நூல் பிசிறுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க பொண்ணு வீடா?" என்று டமாரத்தைக் கேட்டார்.

"சும்மா வீடும்மா. கவுன் பார்க்க வந்தோம். பொண்ணு எப்படி?"

அம்மா ஒரு பிசிறைப் பிடுங்கினார். "அழுத்தக்காரி. தெருவுல யாருக்கு மூலம், யார் தலையில பேன், யாருக்குப் பல்செட்டு, அத்தனையும் அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை வெளிய வந்ததில்ல."

இப்படியும் ஒரு மனித ஜென்மமா என்று டமாரம் வாயைப் பிளந்தான்.

"பட்டன் காஜாவெல்லாம் அழகா இருக்கே. யார் போட்டது?" என்றார் சார்.

"நான்தான். கை நல்லா இருந்தப்போ."

சார் தலையாட்டினார். வெளியே வந்ததும் டமாரம், "என்ன சார் கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

"சொன்னா மூணு மணிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். நட."

மூன்றே முக்காலுக்குக் கோவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாருக்கு இந்த மதம் புதிது. குறிப்பேட்டைத் திறந்தார்.

"நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம் சார். சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வெச்சாங்க. பாவத்தை நினைச்சுப் பார்க்கணும். அதுக்கு மனஸ்தாபப்படணும், அதாவது வருந்தணும். இனி செய்யறதில்லன்னு முடிவு பண்ணணும். சாமியார்கிட்ட ஒளிக்காம சொல்லணும். அவர் குடுக்கற அபராதத்தைத் தீர்க்கணும்."

"எது கஷ்டம்?"

"மூணாவது. நான் எப்பவும் ரெண்டுலேர்ந்து நாலுக்குத் தாவிடுவேன்."

"முதல்ல ஒண்ணை ஆரம்பி."

டமாரம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். பதினோரு வருடம். முதலில் ஒன்றும் வரவில்லை. நான் நல்லவன்தான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். பிறகு ஒன்று வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சினிமாக் கொட்டகை விட்ட மாதிரி திமுதிமுவென்று வந்தன. விரல் விட்டு எண்ணினான். கைவிரல் தீர்ந்து செருப்பைக் கழற்றினான்.

அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. பதினான்கு பேர். கடைசி பெஞ்சில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பென்சில் காதில் செருகியபடியே இருந்தது. அவள்தான் மணப்பெண். பக்கத்தில் மாவுக்கட்டோடு தையல்காரரின் அம்மா. தையல்காரர் உள்ளே வரவில்லை. வெளி முற்றத்தில் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

டமாரத்தின் முறை வந்தது. சாமியார் உட்காரும் மரக் கூண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது.

"சாமி, என்னை ஆசீர்வதியும். நான் பாவி" என்று கிசுகிசுத்தான்.

"சத்தமா சொல்லு. எனக்குக் காது மந்தம்."

"நான் பாவி சாமி."

"இன்னும் சத்தமா."

"நான் பாவி சாமி" என்று டமாரம் கத்தினான். பதினான்கு தலைகள் திரும்பின.

"அது சரி. என்ன செஞ்சே?"

"கேட்ட ரகசியத்தை வெளிய சொன்னேன்."

"எவ்வளவு?"

"எண்ணல சாமி. நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குங்க."

"ரெண்டு போடு" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். அது டமாரத்தின் பக்கத்து வீட்டுக்காரர்.

"வாசல்ல பலகை பார்க்கலையா நீ?" என்றார் சாமியார். அவருக்குத் தன் குரலும் கேட்காததால் அது கூரை வரை போனது. "மூணு வருஷமா இங்க எல்லாரும் சீட்டுல எழுதிக் கொண்டு வராங்க. நான் படிச்சிட்டு இங்கேயே கிழிச்சிடுவேன். கண்ணும் கொஞ்சம் மங்கல். பெரிசா எழுதணும்."

டமாரம் ஓரக்கண்ணால் சாரைப் பார்த்தான். சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த விடைத்தாள், வாசல் பலகையில் எல்லாரும் படிக்க எழுதித் தொங்கியிருக்கிறது. தையல்காரருக்கு அது பழகிப்போன சங்கதி. அதனால்தான் சொல்லவே இல்லை.

ஆனால் மண்டியிட்டவன் சும்மா எழுந்து வருவானா. "எழுத முடியாதவங்க என்ன பண்ணுவாங்க சாமி?" என்று கத்தினான்.

"எழுதத் தெரிஞ்ச யார்கிட்டயாவது சொல்லி எழுதிக்குவாங்க. எழுதிக் குடுத்தவங்களும் வாயைத் திறக்கக் கூடாது. என் வாய்க்கு இருக்கற பூட்டுதான் அவங்க வாய்க்கும். தவறிப்போய் அதைப் படிச்சவனுக்கும் அதே பூட்டுதான். யாருடையதுன்னுகூடச் சொல்லக் கூடாது."

டமாரத்துக்குப் புரியவில்லை. ஆனால் சார் குறிப்பேட்டை மூடுவது தெரிந்தது.

"உன் அபராதம் கேட்டுக்கோ. ஒரு வாரம், காதுல விழுந்த எதையும் இன்னொருத்தர்கிட்ட சொல்லாதே."

"ஒரு வாரமா? அம்பது ஜெபம் குடுங்க சாமி, மூச்சு விடாம சொல்லிடறேன்."

"ஒரு வாரம்."

"நடக்காது சாமி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

டமாரம் மனஸ்தாப மந்திரத்தை ஆரம்பித்தான். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. சாமியார் மீதியை எடுத்துக் கொடுத்தார், அவன் பின்னாலேயே சொன்னான். மன்னிப்பு கிடைத்தது. எழுந்தபோது நேற்றைய சட்டை கொஞ்சம் தொளதொளவென்று ஆகிவிட்டது போலிருந்தது. எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

சார் அவன் முழங்கையைப் பிடித்துப் பக்கவாட்டுக் கதவுக்கு இழுத்துப் போனார்.

"அங்க பாரு" என்றார் மெல்ல. "மாவுக்கட்டுக்கும் தோலுக்கும் நடுவுல."

தையல்காரரின் அம்மா வரிசையில் இரண்டாவதாக நின்றார். கட்டின் விளிம்பில் ஒரு வெள்ளை முனை தெரிந்தது.

"கட்டுக்குள்ள பிட் வைக்கறது என் சர்வீஸ்ல பழைய வித்தை. வருஷத்துக்கு நாலு பேர் கையை முறிச்சுக்குவானுங்க. ஆனா இவங்களுக்கு நிஜமாவே முறிஞ்சிருக்கு. மூணு வாரமா பேனா பிடிக்க முடியாது. அப்போ அந்தச் சீட்டை எழுதினது யாரு?"

அம்மா இடது கையால் சீட்டை உருவிக்கொண்டு கூண்டருகில் மண்டியிட்டார். மடிப்பைத் தாண்டி மை தெரிந்தது. கறுப்பு மை. கொட்டை எழுத்து.

டமாரத்தின் கண்கள் பிதுங்கின. கடைசி பெஞ்சைப் பார்த்தான். மணப்பெண் தலைகுனிந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"பையில இருந்தது மை கொட்டிக் கெட்டுப்போன முதல் தாள். நல்லதை எழுதிக் குடுத்துட்டு, இதைக் கிழிக்க மறந்துட்டா" என்றார் சார். "பாவம் அவங்களுது. எழுத்து மட்டும்தான் இவளுது."

"இவ கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்னு அவங்க சொல்லச் சொல்ல, இவளே உட்கார்ந்து எழுதியிருக்காளா?"

"அந்தத் தெருவுல வாயைத் திறக்காதவ வேற யாரு இருக்கா? யாருக்குத் தீங்கு நினைச்சாங்களோ அவளை நம்பித்தான் சொல்ல முடிஞ்சிருக்கு."

டமாரம் தையல்காரரிடம் ஓடுவதற்கு ஒரு கால் எடுத்து வைத்தான். அந்தக் கால் அப்படியே நின்றது. ஒரு வாரம். அதுவும் போதாதென்று, படித்தவனுக்கும் பூட்டு. பன்னிரண்டு வருடத்தில் கிடைத்த ஆகச் சிறந்த சங்கதி தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

தையல்காரரே வந்துவிட்டார். "அஞ்சரை ஆச்சு. சொல்லுங்க."

"கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் சார். "சொல்ல முடியாது."

"விளையாடறீங்களா?" தையல்காரர் டமாரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஊர் வெச்ச பேரே அதுதானே."

டமாரம் பல்லைக் கடித்தான். காது மடல் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தான்.

"சரி. நான் உள்ள போய்க் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"போங்க. போறதுக்கு முந்தி துணியைப் பத்தி ஒரு கேள்வி" என்றார் சார். "துணி பாவம் இல்ல, கேக்கலாம். ஒரு இடுப்புத் தையலை, துணியில கீறல் விழாம பிரிக்க எவ்வளவு நேரமாகும்?"

கோபத்திலும் தொழில் முந்திக்கொண்டது. "சுத்தி வரவா? கை தேர்ந்தவங்களுக்கே ஒரு மணி நேரம். ஊசி முனையால ஒவ்வொரு தையலா தூக்கணும். தெரியாதவங்க கத்தரியைப் போடுவாங்க, துணி நாசமாயிடும். இவளுக்கு ஊசில நூல் கோக்கவே வராது. ஒரு பட்டனுக்கே கோட்டை என்கிட்டதான்…"

நிறுத்தினார்.

முற்றத்தில் யாருடைய சைக்கிளோ சாய்ந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் சார்.

தையல்காரர் கதவு வழியே உள்ளே பார்த்தார். அவர் அம்மா கூண்டிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. மணப்பெண் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இடது கையால் அவள் கோட்டுக் காலரை இழுத்து நேராக்கினார். நேராகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்து நேராக்கினார்.

"வீட்டுல ரெண்டே பேர்" என்றார் தையல்காரர் தனக்குள். "மூணாவது ஆள் வந்தா என்னாகுமோன்னு பயந்திருப்பாங்க." பிறகு, "அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு தினம் ரெண்டு வேளை வந்து தலை வாரி விட்டிருக்கா" என்றார்.

டமாரம் கையை எடுக்காமலேயே தலையை ஆட்டினான். ஆட்டுவது பேச்சில் சேருமா என்று பாதியில் சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

தையல்காரர் சாரிடமிருந்து தாளை வாங்கிப் பொடிப்பொடியாகக் கிழித்தார். பொடியைக் கீழே போடாமல் மறுபடி சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு சேர்ந்துபோச்சு" என்றார். "சீட்டு எழுதணும். என் எழுத்து எனக்கே புரியாது."

உள்ளே போனார். சாரும் டமாரமும் பின்னால் போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒட்டுக் கேட்பது பாவம்தான். ஆனால் சாமியார் சொல்லக் கூடாதென்றாரே தவிர, கேட்கக் கூடாதென்று சொல்லவில்லை.

தையல்காரர் கடைசி பெஞ்சில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம்.

"ஒரு சீட்டு எழுதித் தரியா?"

அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து ஜெபப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

"கட்டிக்கப் போறவளைச் சந்தேகப்பட்டேன்" என்றார் அவர், எதிரே சுவரைப் பார்த்து.

பென்சில் நகர்ந்தது. கொட்டை எழுத்து. நடுவில் நிற்கவில்லை, அழிக்கவில்லை.

"ஒரு நாள்" என்றார்.

பென்சில் நின்றது. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். டமாரம் மூச்சை அடக்கினான். அவள் குனிந்து ஏதோ எழுதி முடித்து, தாளை நாலாக மடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு சொன்னாள்:

"நாலு நாள்னு எழுதியிருக்கேன், கோட்டைக் குடுத்தது திங்கக்கிழமைதானே. ஒரு நாள்னு போட்டா, பொய் சொன்னேன்னு தனியா இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கும்."